அஞ்சு டர்ன் மழை

ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் போக்கிமான் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மழை டீமோடு ஜெயித்ததையும், அதை ஒரு அண்ணன் லைவில் கிண்டலடித்ததையும் நம்ம குரூப்பில் எல்லோரும் பார்த்தீர்கள். மறுபடி விளக்கப் போவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் போட மாட்டேன். போட்டால் அந்த அண்ணனுக்கு இன்னும் நாலு ஃபாலோயர் கூடும், அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம். ஆனால் லைவில் அவர் சொன்ன இரண்டு வாக்கியம் மூன்று நாளாக மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. ஒன்று: "மழை டீம்ல என்னப்பா இருக்கு, பெலிப்பரை இறக்கு, பட்டனை அமுக்கு, ஜெயிச்சுட்டுப் போ." இன்னொன்று: "டெல்டா பையன்தானே, மழையைத் தவிர வேற என்ன தெரியும்."

முதலாவதுக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன். நிதானமாகத்தான் எழுதப் போகிறேன். கடையில் ஜெராக்ஸுக்குக் கூட்டம் இல்லாத மதியம், அவசரம் ஒன்றும் இல்லை.

மழை அஞ்சு டர்ன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். போக்கிமான் தெரியாதவர்களுக்கு: அது ஒரு வீடியோ கேம். இரண்டு பேர் தங்கள் டீமில் இருக்கிற உயிரினங்களை இரண்டிரண்டாகக் களத்தில் இறக்கி மோதவிடுவார்கள். ஒரு சுற்றுக்குப் பெயர் டர்ன். மழை பிடித்தால் நீர் அடிக்குப் பலம் கூடும், நெருப்பு அடிக்குப் பாதியாகும். பெலிப்பர் களத்தில் இறங்கியதும் அதன் டிரிஸில் குணத்தால் மழை பிடிக்கும். இறங்கிய டர்னும் கணக்கில் சேரும். நடுவில் மாற்றி இறக்கினால் அந்த டர்னில் அது ஒரு அடிகூட அடித்திருக்காது, அதனால் பெலிப்பரின் கையில் மிஞ்சுவது நாலுதான். கையில் டாம்ப் ராக் என்ற பொருளைக் கொடுத்தால் எட்டு டர்ன் வரும், சரி. ஆனால் ஒரு போக்கிமானுக்கு ஒரு பொருள்தான். டாம்ப் ராக் கொடுத்தால், ஒரே அடியில் விழாமல் காக்கிற ஃபோகஸ் சாஷ் கிடையாது. மின்சார அடி நாலு மடங்காக விழுகிற பறவை அது. சாஷ் இல்லாமல் ஒரு தண்டர்போல்ட் பட்டால் மழை இருக்கும், பறவை இருக்காது.

பெலிப்பர் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கூழைக்கடாதான். என் அக்கா மகன் அதை எடுத்ததற்குக் காரணமே அதுதான். ஆறாவது படிக்கும்போது வடுவூர் ஏரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தேன். அது அலகுப் பையை அசைத்து மீனை விழுங்குவதை வாய்பிளந்து பார்த்தவன், ரெண்டு வருஷம் கழித்து என் போனில் பெலிப்பரைப் பார்த்ததும் "மாமா, நம்ம ஏரிப் பறவை" என்றான். டீம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. யார் வீடியோவையும் பார்த்துக் கட்டியது இல்லை.

சரி, பட்டன் கதைக்கு வருவோம். இறுதி ஆட்டத்தைப் பார்த்தீர்கள்தானே? எதிரில் வெயிலைக் கொண்டுவருகிற டோர்கோல் என்ற ஆமை, வெயிலில் வேகம் கூடுகிற வீனசார். அசல் வெயில் டீம். நம்ம ஆள் முதலில் எதை இறக்கினான்? பெலிப்பரையா? இல்லை. இன்சினரோரையும் ஆர்ச்சலூடனையும். ஏன் என்று அந்த அண்ணன் லைவில் ஒரு வார்த்தை சொன்னாரா? நான் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வானிலை கொண்டுவருகிற ஆள் ஒரே நேரத்தில் இறங்கினால், வேகமானவரின் வானிலை முதலில் வரும், மெதுவானவரின் வானிலை அதை அழித்துவிட்டு நிற்கும். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65, டோர்கோலுடையது 20. ஆமைதான் ஜெயிக்கும். முதல் டர்னில் பெலிப்பரை இறக்கியிருந்தால் மழை வந்த சுவடே இல்லாமல் வெயில் அடித்திருக்கும். "பெலிப்பரை இறக்கு, பட்டனை அமுக்கு" என்றவர் சொன்னபடி ஆடியிருந்தால் பையன் நாலு டர்னில் வீட்டுக்குப் போயிருப்பான்.

அவன் செய்தது இது. முதல் டர்னில் வெயிலில் பாய்ந்து வரவேண்டிய வீனசாரை இன்சினரோரின் ஃபேக் அவுட் என்ற அடியால் அந்த டர்னுக்கு நிறுத்தினான். ஆர்ச்சலூடன் அடி படாமல் காக்கிற புரொடெக்ட் போட்டுக்கொண்டது. டோர்கோலின் எரப்ஷன் என்ற நெருப்பு அடி இன்சினரோர் மேல் மட்டும் விழுந்தது. அது நெருப்பு வகை, தாங்கிக்கொண்டது. இரண்டாவது டர்னில் இன்சினரோரை எடுத்துவிட்டுப் பெலிப்பரை உள்ளே விட்டான். மாற்றுவது எப்போதும் அடிக்கு முன்னால் நடக்கும். அதனால் அதே டர்னில் மழை பிடித்துவிட்டது. வீனசாருக்கு வெயிலால் வந்த வேகம் போயிற்று. ஆர்ச்சலூடனின் எலக்ட்ரோ ஷாட் என்ற மின்சார அடி வெறும் வானத்தில் ஒரு டர்ன் சக்தி ஏற்றி அடுத்த டர்னில்தான் பாயும். மழையில் அந்தக் கணமே பாயும், பாயும் முன்னே ஆர்ச்சலூடனின் தாக்கு பலத்தையும் ஒரு படி கூட்டிவிடும். போய் டோர்கோல் மேல் விழுந்தது. எரப்ஷன் இருக்கிறதே, அடிப்பவரின் உயிர் குறையக் குறைய அதன் பலமும் குறையும். அடி வாங்கிய ஆமை, அதுவும் மழைக்குள், நெருப்புக்குப் பாதிதான் பலம். அந்த எரப்ஷன் தீபாவளிக்கு மறுநாள் எடுத்து வைத்த வெடி மாதிரி புஸ் என்று போயிற்று.

பதினாலு வயசுப் பையன். ஒரு டர்னுக்குள் மூன்று கணக்கு. பட்டனாம்!

அதுக்கப்புறம் எதிராளி என்ன செய்தார்? மாற்றி மாற்றிப் புரொடெக்ட் போட்டு மழையைக் கரைக்கப் பார்த்தார். அது தப்பில்லை, நல்ல ஆட்டக்காரர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் பையனிடம் "சூப்பரா ஆடுன தம்பி" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மழையின் கடைசி டர்னில், இதற்கு மேல் தூறல்கூட இல்லை என்ற நிலையில் ஆட்டம் முடிந்தது. அஞ்சு டர்ன். அந்த அஞ்சையும் ஒன்றுவிடாமல் எண்ணி ஆடினான். மழையைக் கொண்டுவருவது கெட்டிக்காரத்தனம் என்று நானும் சொல்லவில்லை. அதை ஒரு பறவை செய்யும். வந்த மழைக்குள் வேலையை முடிப்பதுதான் ஆட்டம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் முடிக்கத் தெரியாமல் தோற்றவன். 2012, திருச்சியில் ஹாஸ்டல். ஆன்லைனில் போக்கிமான் ஆடுகிற ஷோடவுன் தளம் அப்போதுதான் பிரபலமாகிக்கொண்டிருந்தது. பெலிப்பருக்கு டிரிஸில் கிடைத்ததெல்லாம் 2016-ல் சன் மூன் கேம் வந்த பிறகுதான். எங்கள் காலத்தில் பொலிடோட். அந்தத் தவளை வந்தால் மழை வந்த மழைதான், வேறு வானிலை வந்து மாற்றுகிறவரை நிற்கவே நிற்காது. நான் அறிவாளி இல்லையா, ஆறும் நீர் வகையாகவே எடுத்தேன். பொலிடோட், ஸ்டார்மீ, கயரடோஸ், வேப்போரியன், லாப்ரஸ், டென்டாக்ருவல். நிற்காத மழை, ஆறு நீர் வகை, யார் ஜெயிக்க முடியும் என்று நினைத்தேன். ஒரே ராத்திரியில் பதினோரு ஆட்டம் தோற்றேன்.

ஒருத்தன் காஸ்ட்ரோடானை இறக்கினான். ஸ்டார்ம் டிரெய்ன் என்று ஒரு குணம் அதற்கு, பெயரிலேயே வடிகால். நான் அடித்த தண்ணீரையெல்லாம் குடித்துக் கொழுத்து என்னையே திருப்பி அடித்தது. இன்னொருத்தன் ஃபெரோதார்ன். இரும்பும் புல்லும் கலந்த முள்ளுருண்டை. நெருப்பு என்றால் அதற்கு நாலு மடங்கு நடுக்கம் என்பதால் ஸ்டார்மீக்கு ஹிட்டன் பவர் ஃபயர் என்ற நெருப்பு அடியைக் கொடுத்து வைத்திருந்தேன். அடித்தேன். என் மழையே அதைப் பாதியாக்கியது. எதிரிக்குக் குடை பிடித்தது நானேதான்! அறைத் தோழன் தூங்காமல் சிரித்துக்கொண்டிருந்தான். மழை டீமுக்கு முதலில் தேவை, மழை நனைத்தால் இனிக்கிற இரும்பு என்று அன்று ராத்திரி மூன்று மணிக்குப் புரிந்தது. அதனால்தான் அக்கா மகன் டீமில் இரும்பு வகையான ஆர்ச்சலூடன் இருக்கிறது. நீர் வகை என்று பார்த்தால் பெலிப்பரும் பாஸ்குலீஜியனும் மட்டும்தான்.

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். "ஸ்மோகன்காரங்களே 2011-ல டிரிஸிலையும் ஸ்விஃப்ட் ஸ்விம்மையும் ஒரே டீம்ல வைக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்களே, மழை அநியாயம்னுதானே?" ஆமாம், போக்கிமான் போட்டிகளுக்கு விதி வகுக்கிற அந்த ரசிகர் தளத்துக்காரர்கள் போட்டார்கள்தான். அப்போது மழை நிற்காது, ஸ்விஃப்ட் ஸ்விம் குணத்தோடு அதில் நீந்துகிறவனுக்கு வேகம் இரண்டு மடங்கு, அது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். 2013-ல் எக்ஸ் ஒய் கேம் வந்து அஞ்சு டர்ன் என்று ஆனபிறகும் அதையே பிடித்துத் தொங்கினால் எப்படி? "ஆர்ச்சலூடன் ரொம்ப பலம்." ஆமாம், பலம்தான். நீங்களும் எடுங்கள், யார் கையைப் பிடித்தார்கள்? "எல்லாரும் வைக்கிற டீம், சொந்த மூளை இல்லை." எங்கள் தெருவில் எல்லோரும் நடுவது ஒரே விதைநெல்தான். விளைச்சல் ஒன்றாகவா இருக்கிறது?

விதைநெல் என்றதும் அப்பா ஞாபகம். அவருக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. பேரன் திண்ணையில் உட்கார்ந்து "தாத்தா, மழை வந்துருச்சு" என்று கத்தினால் அனிச்சையாக வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் பையன் அஞ்சு டர்ன் கணக்கை அவருக்கு விளக்கினான். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "டர்னா? நம்ம ஆத்துத் தண்ணி டர்ன் மாதிரியா?" பையனுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள் என்று டிவியில் பூ தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, கிளை வாய்க்கால் தாண்டி எங்கள் ஊர்க் கடைமடைக்கு வருவதற்குள் எத்தனை நாள், எத்தனை சண்டை. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறை வருகிற நாட்களுக்குள் பாய்ச்சினால் உண்டு, தூங்கினால் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக மடையில் அப்பா நிற்பார். நான் பக்கத்தில் கொசுக்கடியில் நிற்பேன். அளந்து வருகிற தண்ணீருக்குள் வேலையை முடிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் கேமில் சொல்லித்தர வேண்டாம்.

மழை மட்டும் என்ன இலவசமா? புரட்டாசியில் குறுவை அறுப்பு நேரத்தில் நாலு நாள் பிடித்துக்கொண்டால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். தப்பித்ததை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று வாங்காமல் நிற்கும். சில வருஷம் தளர்வு கொடுப்பார்கள், அது வருகிறவரை ரோட்டில் நெல்லைக் கொட்டித் தார்ப்பாயை மூடித் திறந்து மூடித் திறந்து கிடக்க வேண்டும். ஐப்பசியில் சம்பா மூழ்கும். அதற்குத்தான் அப்பா இப்போது சி.ஆர். 1009 சப்-1 நடுகிறார். இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கிற ரகம். அதைக் கேட்டுவிட்டு அக்கா மகன் "தாத்தா, உங்க நெல்லுக்கும் ஸ்டாமினா இருக்கு" என்றான். அடி விழ விழத் தற்காப்பு கூடுகிற ஆர்ச்சலூடனின் குணம் அது. பாருங்கள், இந்தப் பையனைத்தான் "மழையைத் தவிர என்ன தெரியும்" என்றார்.

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கு ஏன் இவ்வளவு?" இந்தக் கேள்விதான் நிறைய வரும். ஏற்கெனவே இன்பாக்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார், எனக்கும் தெரியும். நாங்களும் கும்பகோணத்துக்காரரை வெற்றிலை என்று ஓட்டுவோம், மன்னார்குடிக்காரனான என்னை மதில் அழகு என்று ஓட்டுவார்கள். அதெல்லாம் நமக்குள். ஜெயித்து அஞ்சு நிமிஷம்கூட ஆகாத ஒரு பையனைப் பார்த்து, முந்நூறு பேர் பார்க்கிற லைவில், அவன் ஜெயித்தது அவன் மூளையால் இல்லை என்று சொல்வதற்குப் பெயர் ஓட்டுவதா?

நவம்பர் 16, 2018 விடியற்காலை. கஜா புயல். அப்போது அவன் சின்னக் குழந்தை. அக்கா வீட்டு ஓடு பறந்தது. அவனை ஒரு போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். விடிந்து பார்த்தால் கொல்லைத் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. எத்தனையோ நாள் கரன்ட் இல்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. டீமுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் "மழையைத் தவிர வேற என்ன தெரியும்" என்று சிரித்துக்கொண்டே ஒருவர் சொல்லும்போது எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. மழை தெரியும், அண்ணே. நன்றாகவே தெரியும்.

இதையும் எழுதாமல் விட்டிருப்பேன். இன்று காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் பையன் கடைக்கு வந்தான். சைக்கிளில் இருந்து இறங்கவில்லை, ஒரு காலைப் படியில் ஊன்றிக்கொண்டு, "மாமா, பெலிப்பரை எடுத்துட்டு வெயில் டீம் ஒண்ணு கட்டிக் குடுக்குறீங்களா?" என்றான். ஏன்டா என்றேன். "சும்மாதான்" என்றான். சும்மாதானாம்.

கட்டித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், கடையில் ஆதார் ஜெராக்ஸுக்கு நின்றிருந்த பாட்டி பயந்துபோய்விட்டார்.

அந்த அண்ணனுக்கு: வருகிற ஞாயிறு ரெண்டு மணிக்குக் கடையை மூடிவிடுவேன். பையனும் இருப்பான். லைவ் போட்டே வாருங்கள். உங்கள் டீமே வேண்டாம், அதே மழை டீமை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டன்தானே. அவன் டோர்கோலை எடுத்துக்கொள்வான்.