இ-சான்றிதழ் தந்தவர்களும் கைகொடுத்தவர்களும்

கொரோனா காலத்தில் ஆசிரியர்களை ஆசிரியர் சமூகம் தாங்கிப் பிடித்ததா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் தாங்கியது யார் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துபவளாக இதை எழுதுகிறேன்.

2020 ஏப்ரல், மே மாதங்கள் ஞாபகம் இருக்கும். எங்கு பார்த்தாலும் பாடச் சங்கங்கள், அதாவது ஒரே பாடத்து ஆசிரியர்களின் அமைப்புகள், நடத்திய வெபினார். ஜூமில் நூறு பேர் நிறைந்ததும் மீதிப்பேர் யூடியூப் நேரலைக்குப் போவார்கள். கடைசியில் ஃபீட்பேக் ஃபார்ம் இணைப்பு வரும், நிரப்பினால் இ-சான்றிதழ். பேசியவர்களில் நல்ல அறிஞர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பி.எஸ்சி. மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பை ஃபோனிலேயே எப்படி நடத்துவது என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நானோ பொருள்கள் பற்றிய உரை எந்த வகையில் உதவும்?

உதவி வந்தது வாட்ஸ்அப் குழுவிலிருந்து. பக்கத்து மாவட்டங்களின் இயற்பியல் ஆசிரியர்கள் சேர்ந்த சின்னக் குழு அது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை ஒருவர் அறிமுகப்படுத்தினார். அதில் சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. இரண்டு ஃபோன்களை ஐந்து மீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். ஒரு ஃபோனுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டினால் இரண்டு கடிகாரங்களும் ஓடும். மற்றதன் பக்கத்தில் இன்னொருவர் தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் பத்து மீட்டரை (ஒலி போக ஐந்து, வர ஐந்து) வகுத்தால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும், வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். விலை குறைந்த ஃபோனிலும் மைக் இருக்கும் என்பதால் எல்லா மாணவர்களாலும் செய்ய முடிந்தது. அம்மாவின் ஃபோனையும் பக்கத்து வீட்டு அண்ணன் ஃபோனையும் வைத்துத் தெருவிலேயே செய்து அனுப்பினார்கள்.

செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதித் தந்தார் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புவார். இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் கேட்டாலும் வாய்ஸ் மெசேஜில் பொறுமையாகப் பதில் வரும். வீடியோ பாடம் மாணவர்களின் டேட்டாவைத் தின்றுவிடுகிறது என்று தெரிந்ததும், நோட்டுப் பக்கத்தின் படமும் ஆடியோவும் போதும் என்று முடிவெடுத்ததும் இந்தக் குழுதான். அரசு தினமும் 2 ஜிபி தரும் டேட்டா கார்டுகளை அறிவித்தது 2021 ஜனவரியில். அதுவரை ஓடிய வகுப்புகள் இப்படித்தான் ஓடின.

அப்புறம், சம்பளம். எங்களில் பலருக்குப் பாதிச் சம்பளம், சிலருக்கு அதுவும் இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர்கள் நூறு நாள் வேலைக்குப் போன செய்திகள் வந்த காலம் அது. யாருக்கு என்று வெளியே தெரியாமல் குழுவில் பணம் திரட்டி, வீட்டு வாடகை கட்ட முடியாதவர்களுக்குக் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த பாடச் சங்கம் எதுவும் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் அது. ஆசிரியர் பட்டினி கிடந்தால் எந்தப் பாடம் வளரும்?

பெரிய அமைப்புகளால் முடியாது என்று சொல்லவும் மாட்டேன். அமெரிக்க வேதியியல் சங்கம் வெளியிடும் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன் 2020 செப்டம்பரில் கொரோனாக் காலக் கற்பித்தலுக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் செய்து பார்த்ததை எழுதினார்கள். கல்லூரிகள் மூடி ஆறே மாதத்தில் அது வந்துவிட்டது. நம் சங்கங்களிலும் திறமைக்குக் குறைவில்லை. நம் ஆசிரியர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் தமிழிலும் அப்படி ஒன்று வந்திருக்கும்.

சங்கங்கள் இப்போதும் ஒன்று செய்யலாம். அடுத்த மாநாட்டுச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, அந்த இரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்கள் உருவாக்கிய தமிழ்க் குறிப்புகளைத் திரட்டி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள். பலருடைய பழைய ஃபோனோடு அவை அழிந்துகொண்டிருக்கின்றன. என்னிடம் மிஞ்சியவற்றை டிரைவில் ஏற்றிவிட்டேன். வேண்டுபவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், இணைப்பு அனுப்புகிறேன். உங்களிடம் இருப்பதையும் அனுப்புங்கள், சேர்த்துவிடலாம்.