‘கேள்விப்பட்டதே இல்லை’ என்பது ஒரு வாதமா?

ஞாயிற்றுக்கிழமை அந்த டெக் க்ரூப்பில், வீட்டு சர்வரில் ஓடவிடும் செயலிகள் பற்றி ஒரு தம்பி கேட்க, நான் ஒரு பட்டியல் போட, அதற்கு நடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பார்க்காதவர்கள் ஸ்க்ரீன்ஷாட் கேட்காதீர்கள், போடப்போவதில்லை. என் பட்டியலைப் பார்த்துச் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். கேள்வி கேட்ட தம்பி தன் பதிவையே அழித்துவிட்டுப் போனார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் கேட்டது நல்ல கேள்வி. பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை சர்வராக்கி, அதாவது வீட்டில் எல்லாருக்கும் சேவை தரும் இயந்திரமாக்கி ஓடவிட, அதிகம் பேசப்படாத ஆனால் வீட்டுக்கு உதவுகிற செயலிகள் சொல்லுங்கள் என்றார். ‘அதிகம் பேசப்படாத’ என்று அவரே எழுதியிருந்தார். அதனால்தான் அந்தப் பெயர்களைச் சொன்னேன். கீழே வந்த பதில்கள் என்ன? “இதெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே.” “நெக்ஸ்ட்கிளவுட் போடு, ஜெல்லிஃபின் போடு, வேலை முடிந்தது.” முதலாவது கோப்புகளை வீட்டு சர்வரில் வைத்துப் பகிர, இரண்டாவது சினிமாவும் வீடியோவும் பார்க்க. அப்புறம் வரிசையாகச் சிரிப்பு.

நீங்கள் கேள்விப்படாதது அந்தச் செயலியின் குறை இல்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த இரண்டையே எடுத்துக்கொள்வோம். நெக்ஸ்ட்கிளவுட் 2016இல் ஓன்கிளவுட் என்ற செயலியிலிருந்து பிரிந்து வந்தது. எம்பி (Emby) என்ற வீடியோ சர்வர் செயலி தன் மூல நிரலை மூடியபோது, 2018 கடைசியில், அதிலிருந்து ஜெல்லிஃபினைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டுமே ஒரு காலத்தில் புதுப் பெயர்கள்தான். அன்றைக்கு யாரோ சிலர் நம்பி ஓடவிட்டார்கள், பிழைகளை எழுதிப் போட்டார்கள், தெரிந்தவர்களிடம் சொன்னார்கள். அப்படித்தான் உங்கள் காதுவரை வந்தது. இரண்டும் நல்ல செயலிகள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லாத் தேவைக்கும் அதே இரண்டு பெயரைச் சொல்வது பரிந்துரை ஆகாது. அந்த வீட்டில் என்ன தேவை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

என் வீட்டைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, கூடவே சிறுநீரகத் தொந்தரவு. வருடக்கணக்கான ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் துணிக்கடைப் பைகளில் கிடந்தன. நான் தாள்களைச் சேர்த்து வைத்துத் தேடித்தரும் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் போட்டு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து உள்ளே தள்ளினேன். படத்தில் இருக்கும் எழுத்தை அது டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரலை வைத்துப் படித்துக்கொள்ளும். போன முறை புது டாக்டர், “கிரியேட்டினின் எப்போதிலிருந்து ஏறுகிறது?” என்று கேட்டார். அம்மா வழக்கம்போல “அந்தச் சீட்டெல்லாம் எங்க வெச்சேனோ” என்று ஆரம்பித்தாள். நான் கைப்பேசியில் அந்த ஒரு வார்த்தையைத் தட்டினேன். பழையது முதல் புதியது வரை தேதிவாரியாக வந்து நின்றது. டாக்டர் கைப்பேசியை வாங்கி அவரே நகர்த்திப் பார்த்தார். இந்தச் செயலியைத்தான் அங்கே ஒருவர் “ஸ்கேன் பண்ற பொம்மை” என்று எழுதினார்.

அதில் தமிழும் படிக்க வைக்கலாம். தமிழ் மொழிக் கோப்பு தானாக வராது, அமைப்பில் நாம்தான் சேர்க்க வேண்டும். அச்சடித்த தமிழ் ஓரளவு நன்றாகவே வரும். பழைய பத்திரம், கையெழுத்து, முத்திரை விழுந்த தாள் என்றால் தடுமாறும். அந்த மாதிரித் தாள்களுக்கு நானே தலைப்பும் டேகும் போட்டுவிடுகிறேன். குறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தத் தம்பிக்கும் இதையெல்லாம் சொல்லியிருந்தேன்.

அடுத்து ஸ்டர்லிங் பிடிஎஃப். இதற்கும் சிரிப்பு. அரசு விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, வேலைக்கான தேர்வு, எதுவானாலும் சான்றிதழை இத்தனை கேபிக்குள் சுருக்கி ஏற்று என்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? கூகிளில் தேடி முதலில் வரும் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் ஆதார், பான் கார்டு, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். அந்தத் தளம் யாருடையது, கோப்பு எத்தனை நாள் அங்கே கிடக்கும், நமக்குத் தெரியாது. ஸ்டர்லிங் பிடிஎஃப் அதே வேலையை வீட்டு இயந்திரத்திலேயே செய்யும். சுருக்கும், சேர்க்கும், பிரிக்கும், திருப்பும், பாஸ்வேர்டு போடும். பிரவுசரில் திறந்தால் போதும், அப்பாகூடப் பயன்படுத்துகிறார். கேள்விப்படாத செயலியை நம்பலாமா என்று கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: கேள்விப்படாத தளத்தில் ஆதாரை ஏற்றும்போது இந்தச் சந்தேகம் எங்கே போயிருந்தது?

ராடிகாலே பற்றியும் சொல்லியிருந்தேன். பைத்தானில் எழுதிய சின்ன நிரல். நாட்காட்டியையும் தொடர்பு எண்களையும் குடும்பத்துக்குள் பகிர அது போதும். கைப்பேசியோடு அதை இணைக்க, ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி போட வேண்டும், ஐபோனில் அதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் மூன்று ஊரில் இருக்கிறோம். அக்கா பஞ்சாங்கம் பார்த்து தாத்தா, ஆச்சி திதிகளை அந்த வருடத்துக்குப் போட்டுவிடுவாள். எல்லார் கைப்பேசியிலும் அது வந்துவிடும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேஸ்காரர் எண்களும் அப்படியே. ஒவ்வொரு தொடர்பும் ஒரு தனிக் கோப்பாக வட்டில் இருக்கும். நாளைக்கு ராடிகாலே இல்லாமல் போனாலும் அந்தக் கோப்புகளை வேறு எதில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இதற்கு நெக்ஸ்ட்கிளவுட் எதற்கு? காய்கறி வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவதா?

நம்மிடம் இருக்கும் பாட்டுக் கோப்புகளை வீட்டு சர்வரிலிருந்து கேட்க நாவிட்ரோமைச் சொன்னதற்கு, “பாட்டுக் கேட்க ஆயிரம் ஆப் இருக்கே” என்றார் ஒரு பெரியவர். ஐயா, எங்கள் ஊர்க் கோயில் கொடையில் எங்கள் தாத்தா பாடிய வில்லுப்பாட்டு அந்த ஆயிரத்தில் எதில் இருக்கிறது? கேசட்டிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருக்கிறேன். நாடாவின் இரைச்சலும், குடம் தட்டுகிற சத்தமும், நடுவில் யாரோ மைக்கில் பெயர் வாசிப்பதும் கேட்கும். நாவிட்ரோம் அதைப் பாட்டாக அடுக்கி வைத்து, சித்தப்பா திருநெல்வேலியில் இருந்தாலும் கேட்க வைக்கிறது. சப்சானிக் என்ற பாட்டு சர்வர் முறையைப் புரிந்துகொள்ளும் எந்தக் கைப்பேசிச் செயலியிலும் ஓடும். விலைக்கு வராத பாட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கிற செயலியைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வருகிறது?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி சர்வீஸ், இன்ஷூரன்ஸ், பெட்ரோல் கணக்குக்கு லூப்லாகர். ஃப்ரிட்ஜ், மிக்ஸி வாரண்டி அட்டைகளுக்கு ஹோம்பாக்ஸ். வீட்டு வரவுசெலவுக்கு ஆக்சுவல் பட்ஜெட். சாலையைத் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்ட நாளிலும் பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ். தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய புத்தகங்களை அடுக்க கவிதா. ஆமாம், அந்தச் செயலியின் பெயரே அதுதான்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

“ஒரே ஆள் எழுதிய செயலி, நாளைக்கு அவர் விட்டுவிட்டுப் போனால்?” இதைச் சொல்பவர்கள் பெரிய நிறுவனங்கள் விட்டுவிட்டுப் போனதை மறந்துவிடுகிறார்கள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்கவைத்த கூகிள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். தமிழ் வலைப்பதிவுகளை அதில்தான் படித்துக்கொண்டிருந்தோம், தமிழ் வலையுலகம் கலைந்ததில் அந்த மூடலுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட்டை 2025 ஜூலையில் மொசில்லா மூடியது. கூகிள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசம் என்றார்கள், 2021 ஜூன் முதல் தேதியோடு அது முடிந்தது. இப்போது பேப்பர்லெஸ் கதையைப் பாருங்கள். முதலில் எழுதியவர் நிறுத்தினார், இன்னொருவர் என்ஜி என்று எடுத்து நடத்தினார், அதுவும் தேங்கியபோது 2022இல் ஒரு குழு சேர்ந்து என்ஜிஎக்ஸ் என்று தொடர்ந்தது. ஆக்சுவல் பட்ஜெட் காசுக்கு விற்ற செயலி. வியாபாரமாக ஓடாதபோது எழுதியவர் 2022இல் மூல நிரலைத் திறந்துவிட்டார், இன்று பயன்படுத்துகிறவர்களே அதை நடத்துகிறார்கள். கூகிள் ரீடரை அப்படி யாராவது எடுத்து நடத்த முடிந்ததா? இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போட்டால் உங்கள் வாசிப்புப் பட்டியலை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

“பாதுகாப்பு?” இது சரியான கேள்வி, இதற்கு மட்டும் தலைவணங்கிப் பதில் சொல்கிறேன். எந்தச் செயலியையும் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து வெளியுலகுக்குக் காட்டாதீர்கள். வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன், அதாவது நமக்கு மட்டுமான மறைகுறியாக்கிய பாதை வழியாக மட்டும் வீட்டுக்குள் வாருங்கள். பல வீட்டு இணைப்புகளில் வெளியிலிருந்து நேரே வர உதவும் தனி ஐபி முகவரியே கிடைப்பதில்லை, அங்கே டெயில்ஸ்கேல்தான் எளிது. புதுச் செயலி போடும் முன் கடைசியாக எப்போது நிரல் மாற்றியிருக்கிறார்கள், பிழை சொன்னவர்களுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். பாஸ்வேர்டு விஷயத்தில் பெயர் தெரியாத எதையும் நான் சொல்ல மாட்டேன், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் வால்ட்வார்டன் போதும். மெயில் சர்வரை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள், நீங்கள் அனுப்புவது எல்லாருக்கும் ஸ்பாமில்தான் போய் விழும். இத்தனையும் அந்தப் பட்டியலுக்குக் கீழேயே எழுதியிருந்தேன். சிரித்தவர்கள் அதுவரை படிக்கவில்லை.

“கரண்ட் செலவு?” பழைய லேப்டாப் சும்மா இருக்கும்போது பத்து வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். லேப்டாப் பேட்டரியே யுபிஎஸ் வேலையும் பார்க்கும். லேப்டாப் இல்லாதவர்கள் சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்த குட்டிக் கணினிப் பெட்டிகளை விசாரியுங்கள்.

“யாருக்கு நேரம் இருக்கு?” நேரம் இல்லாதவர்கள் போட வேண்டாம். கேட்டவருக்கு நேரம் இருந்தது.

“எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் இந்தத் தலைவலி?” இதைக் கேட்டால் எனக்கு நிதானம் போய்விடுகிறது. எங்கள் சித்தப்பாவின் கணக்கை ஒரு பெரிய நிறுவனம் ஒரு நாள் முடக்கியது. காரணம் சொல்லவில்லை, பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் இயந்திரம் எழுதிய பதில் வரும். சித்தி இறந்த பிறகு அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இன்றுவரை திரும்பவில்லை. இலவசம் என்ற சொல்லை அவர் முன்னால் போய்ச் சொல்லுங்கள்.

ஒரு சின்னச் செயலியில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்று நான் எழுதிப் போட்டேன். மறுநாளே எழுதியவர் பதில் போட்டார், எந்தக் கைப்பேசி, எந்த எழுத்துரு என்று கேட்டு, சரிசெய்தும் தந்தார். முகம் தெரியாத ஊரில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல், தனக்குத் தெரியாத மொழிக்காக ஒருவர் தன் இரவைக் கொடுக்கிறார். நம் ஆட்கள் அவர் பெயர் தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள். பெரிய பெயர்களையே திரும்பத் திரும்பச் சொன்னால் இவர்களிடம் யார் போவார்கள்? நிரல் வைத்திருக்கும் தளத்தில் விருப்பக்குறியான நட்சத்திரம் ஏறாது, உதவிக்கு ஆள் வராது, கடைசியில் சோர்ந்து நிறுத்துவார்கள். அப்போது “பார்த்தாயா, நான் சொன்னேனே” என்று வருவதும் இதே ஆட்கள்தான்.

நான் இதைக் கற்றபோது என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாத என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த அண்ணன்கள் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு வரிசையில் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அண்ணா, படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கே தெரியும். என்னிடம் அன்றைக்கு அப்படிச் சிரித்திருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

அந்தத் தம்பியை இன்பாக்ஸில் தேடிப் பிடித்துவிட்டேன். பேப்பர்லெஸ்ஸில் தமிழ் சேர்க்கும் டாக்கர் கோப்பை (செயலியை நிறுவும் அமைப்புக் கோப்பு) அனுப்பியிருக்கிறேன், அதை இங்கேயும் தனிப் பதிவாகப் போடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் கீழே பெயரும், எதற்குப் பயன்படுகிறது என்றும் எழுதுங்கள். ஆரம்பநிலைக் கேள்வியும் கேட்கலாம், தெரிந்தவரை நான் பதில் சொல்கிறேன். கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிற கமென்ட்டை மட்டும் அழித்துவிடுவேன், அது யார் போட்டதாக இருந்தாலும்.