கட்டணமில்லாப் பேருந்துக்கான காத்திருப்பு

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்றானபோது, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கொலுசுப் பட்டறைக்கு அன்றாடம் வந்து போகும் என்னைப் போன்றவர்களுக்கு அது கூலி உயர்வுக்கு நிகரான ஆறுதலாக இருந்தது. ஆனால் காலை 8 மணிக்கு வர வேண்டிய பேருந்து எட்டரைக்கு வருகிறது. வந்தாலும், நிறுத்தத்தில் பெண்கள் மட்டுமே நிற்பதைக் கண்டால் இருபதடி தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. ஓடிப்போய் ஏற முடியாத வயதான அம்மா ஒருவர் நேற்றும் சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். தாமதமானால் பட்டறையில் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள்; அதற்குப் பயந்து ஷேர் ஆட்டோவில் ஏறினால், மிச்சமாக வேண்டிய பணம் அதிலேயே கரைந்துவிடுகிறது. பகல் 11 மணிக்கு அதே தடத்தில் பேருந்து காலியாக ஓடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த நடையைக் காலையில் விடக் கூடாதா?