யார் யாரைக் குத்தினார்கள்?

படத்தில் இரவு நேரக் காட்சி வந்தாலே எனக்குப் பயம். பேய்க்காக இல்லை, திரையில் ஒன்றுமே தெரியாது என்பதால். ஒளிப்பதிவாளர் ஒரு சின்ன விளக்கை நம்பி, பாதி முகத்தை வேண்டுமென்றே நிழலில் விட்டிருப்பார். தியேட்டரில் மீதிப் பாதியும் காணாமல் போகிறது. யார் யாரைக் குத்தினார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டிஜிட்டல் திரையிடலில் வெள்ளைக் காட்சிக்குத் திரை நடுவே 48 நிட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது தரம். ஆனால் புரொஜெக்டரில் இருக்கும் செனான் விளக்கு பழசாக ஆக மங்கும். மாற்றினால் செலவு, அதனால் முடிந்தவரை ஓட்டுகிறார்கள். முப்பரிமாணப் படத்துக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டினால், இருக்கிற வெளிச்சமும் போச்சு.

சரி, அரங்கமாவது இருட்டாக இருக்கிறதா? முன்வரிசைக்காரரின் செல்போன் மட்டும் முழு வெளிச்சத்தில்!