வாசலில் நின்று உத்தரவு கேட்கும் பேய்

போன மாதம் நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி முற்றத்தில் கட்டிலைப் போட்டு, லேப்டாப்பில் 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' பார்த்துக்கொண்டிருந்தேன். 2014இல் வந்த நியூசிலாந்துப் படம். வெலிங்டன் நகரத்தில் நாலு ரத்தக்காட்டேரிகள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. பாத்திரம் கழுவுவது யார் முறை என்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கின்றன.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்தாள். ரத்தத்துக்கெல்லாம் அவள் அசரவில்லை. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கூத்தாடும் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். நைட் கிளப் வாசலில் அந்தக் காட்டேரிகள் நின்று, உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சும் இடத்தில்தான், "என்னத்துக்கு நிக்கி?" என்றாள். யாராவது அழைக்காமல் படியேற முடியாது என்றேன். உலக்கை நின்றுவிட்டது.

"கூப்பிட்டாத்தான் வருமாக்கும்? அப்ப அது பேயில்லய்யா, மாப்பிள்ளைல்லா!"

படத்தில் இருந்த எல்லா ஜோக்கையும் விட நான் அதற்குத்தான் சிரித்தேன். ஆனால் யோசித்தால், படமும் அதையேதான் செய்கிறது. பேய்க்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதை மீறாமல் கடைசி வரை பிடித்துக்கொண்டு போனால் சிரிப்பு தானாக வருகிறது. கண்ணாடியில் உருவம் தெரியாதா? சரி, அப்போது வெளியே கிளம்பும்போது சட்டை பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒருத்தரை ஒருத்தர் படம் வரைந்து காட்டிக்கொள்கிறார்கள். 1967இல் வந்த 'தி ஃபியர்லெஸ் வேம்பயர் கில்லர்ஸ்' படத்தில் சிலுவையைக் காட்டினால் காட்டேரி சிரிக்கிறது. ஏன் என்றால் அது யூதக் காட்டேரி! 1948இல் அபோட், காஸ்டெல்லோ காமெடி ஜோடி லூட்டி அடித்த படத்திலும் டிராகுலாவாக வந்த பெலா லுகோசி துளிகூடக் காமெடி பண்ணவில்லை. 1931 'டிராகுலா' படத்தில் வந்த அதே மிடுக்கு.

1995இல் மெல் புரூக்ஸ் எடுத்த 'டிராகுலா: டெட் அண்ட் லவிங் இட்' எனக்குப் பாதிதான் பிடிக்கும். டிராகுலாவின் நிழல் அவர் பேச்சைக் கேட்காமல் தன்பாட்டுக்குச் சேட்டை பண்ணும் இடம் அருமை. வழுக்கி விழுவதும் முட்டிக்கொள்வதும் எந்தப் படத்திலும் உண்டு, அதற்கு டிராகுலா எதற்கு?

நம் பேய்ப் படங்களில் எனக்குள்ள கோபமும் இதுதான். ஒரு பங்களா, நாலு காமெடியன், ஓட்டம், கன்னத்தில் அறை. பேய் நினைத்த இடத்தில் வரும், நினைத்ததைச் செய்யும். சட்டமே இல்லாத பேயை எதை வைத்துக் கிண்டல் பண்ணுவது?

சட்டம் நம்மிடம் இல்லாமலா? கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குச்சட்டியில் கரித்துண்டு போட வேண்டும். டிராகுலா வெயில் பட்டுச் சாவது 1922 'நோஸ்ஃபெராட்டு' ஊமைப்படத்தில் வந்த சங்கதி. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கர் நாவலில் அவர் பகலிலும் நடமாடுவார். எங்கள் ஊர்ப் பேயும் அப்படித்தான், உச்சிப்பொழுதுதான் அதற்கு நல்ல நேரம். திருநெல்வேலி வெயிலில் சாகிறது என்றால் சித்திரை தாண்டி ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் சுண்ணாம்பு. தனிவழியில் ஒரு பெண் நின்று சுண்ணாம்பு கேட்டால் கையால் கொடுக்கக் கூடாது, கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும். இதை மட்டும் வைத்து ஒரு படம் எடுக்கலாம். நாற்கரச் சாலையில் எண்பதில் போகிறவன் எவன் நிற்பான்? நின்றாலும் எவனிடம் சுண்ணாம்பு இருக்கிறது? "சில்லறை இல்லக்கா, ஜிபே பண்ணட்டுமா?" என்பான்.

மறுநாள் காலையில் இந்தக் கதையை ஆச்சியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அது இத்தன வருசமா பட்டினியால்லா கிடக்கும், பாவம்."