நாட்காட்டிக்கு மின்னஞ்சல் எதற்கு?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எந்த போன் கடையில், கணினியில் உள்ள நாட்காட்டியும் தொடர்பு எண்களும் போனிலும் வர என்ன செய்வது என்று கேட்டாலும் ஒரே பதில்: "முதல்ல இமெயில் போடுங்க அண்ணே." எதற்கு? நாட்காட்டி கால்டேவ் (CalDAV) என்ற ஒத்திசைவு முறை வழியாகப் போகிறது, தொடர்பு எண்கள் கார்டுடேவ் (CardDAV) வழியாக. அஞ்சலுக்கு அதில் வேலையே இல்லை. ஐபோனில் கணக்கு சேர்க்கும்போது 'அதர்' தொட்டால் இரண்டும் தனித்தனியாக இருக்கும். சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் போதும். கூகுள் கணக்கென்றால் மெயிலை மட்டும் அணைத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில்தான் வயிற்றெரிச்சல். கால்டேவ், கார்டுடேவ் வசதி பெரும்பாலும் உள்ளேயே கிடையாது, டேவ்எக்ஸ்5 மாதிரி செயலி வேண்டும். அதையும் பேட்டரி சேமிப்பு முடக்கிப் போடும். விலக்கு கொடுக்காவிட்டால், தைப்பூசத்துக்காகத் தள்ளிவைத்த கூட்டம் கணினியில் மாறியிருக்கும், கைப்பேசியில் பழைய தேதியே நிற்கும். புது எண்கள் தானாகச் சேமிக்கப்படும் இயல்புக் கணக்கையும் மாற்றுங்கள். போனிலேயே சேமித்த புது எண் வேறெங்கும் போகாது, போன் தொலைந்தால் அதோடு போச்சு. இதையெல்லாம் விற்கும்போதே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?