ஒரு ரேமுக்கு இத்தனை அலப்பறையா?

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் "ஒரு ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) வாங்கிப் போடு, பறக்கும்" என்கிறார்கள். பறந்தது என் பணம்தான்.

முதலில் டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு தலைமுறை ரேம்களின் கூத்து. இரண்டுக்கும் 240 பின் (உலோகத் தொடுமுனைகள்), நீளமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அதைக் கவனிக்காமல் டிடிஆர்2-ஐ டிடிஆர்3 போர்டில் கட்டைவிரல் சிவக்கிற வரை அழுத்திய புண்ணியவான் நான். சரி என்று டிடிஆர்3-இல் 4 ஜிபி வாங்கி வந்தேன், டக்கென்று உட்கார்ந்தது, சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு, உள்ளேயிருந்து பீப் பீப் என்று ஒப்பாரி. ரப்பரை எடுத்து அந்தத் தங்க நிறப் பற்களைத் தேய்த்தேன் (நம் ஊர் முதலுதவி, நோய் எதுவானாலும் இதுதான் மருந்து). ம்ஹூம்.

விசாரித்தால், என் பழைய மதர்போர்டுக்கு 4 ஜிபி ரேம் என்றால் அதில் 16 சிப் (பட்டையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகள்) இருக்க வேண்டுமாம், இதில் இருப்பது 8. சிப்பை எண்ணிப் பார்த்தா வாங்குவார்கள்? கடைக்காரரோ "டிடிஆர்3 கேட்டீங்க, கொடுத்தேன். பிரிச்சதைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்கிறார். அப்புறம் ரேம் ஓட வேண்டியது 1.5 வோல்ட்டிலா 1.35 வோல்ட்டிலா என்று தனியாக ஒரு பட்டிமன்றம்.

ஒருவழியாக 16 சிப் ரேம் ஒன்றைப் பழைய சாமான்களில் தேடிப் பிடித்துப் போட்டு, ஏற்கெனவே இருந்த 2-ம் இந்த 4-ம் 6 ஜிபி என்று ஆசையாகத் திறந்தால், என் விண்டோஸ் 32 பிட் வகையாம், அதிக ரேமைக் கையாளத் தெரியாதாம், 3.25 ஜிபிதான் பயன்படுமாம். மீதி இரண்டே முக்கால் ஜிபி உள்ளே சும்மா உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்குகிறது.